வெடிப்புக்கு ஊற்றிய தண்ணீர்

பங்குனி வெயிலில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், வெள்ளையம்மா வெடித்த நிலத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வெடிப்பு அவள் குடியிருக்கும் ஒற்றையறைக் காம்பராவின் சுவரையொட்டியே ஓடுகிறது. கையை விட்டால் முழங்கைவரை உள்ளே போகும். கீழே புதுக் கிணற்றில் பம்பு ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஃபேக்டரிக்காக அதை வைத்த தை மாதத்திலிருந்து மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழும் குடிதண்ணீர் நூலாய் மெலிந்துவிட்டது. லயத்துத் தரையும் நாலு விரல் இறங்கிவிட்டது. வேறு காம்பரா கேட்டதற்குக் கணக்கப்பிள்ளை, "மழை பெஞ்சா மண்ணு ஊறித் தானா மேல வரும்" என்று அனுப்பிவிட்டார். மழை வரவில்லை. உள்ளே, மரம் விழுந்து இடுப்பொடிந்த புருஷன் சன்னாசி அசைய முடியாமல் படுத்திருக்கிறான்.

"குடிக்கவே தண்ணியில்ல, நீ மண்ணுக்கு ஊத்துறியாடி?" பீலி வரிசையிலிருந்து இருளாயி கத்துகிறாள்.

"பம்பு தண்ணிய உறிஞ்சுனதுனாலதானேக்கா தரை எறங்குது? திருப்பிக் குடுத்தா ஏறாதா?"

"ஆமா, மண்ணு என்ன அப்பத்துக்குக் கரைச்ச மாவா, பொங்கி மேல வர்றதுக்கு!"

வரிசை சிரிக்கிறது. ராத்திரியெல்லாம் பீலியில் பிடித்துச் சேர்த்த தண்ணீரில் வெள்ளையம்மா ஒன்பதாவது வாளியைச் சாய்க்கிறாள். மண் சத்தமில்லாமல் குடிக்கிறது. சுவரிலிருந்து சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்து அவளுடைய ஈரக் கையில் ஒட்டுகிறது.

"ஏ புள்ள!" உள்ளிருந்து சன்னாசி கூப்பிடுகிறான். "பாயெல்லாம் நனையுது. தரைக்குக் கீழருந்து தண்ணி வருது. செவரு கறகறங்குது புள்ள!"

வாளியைப் போட்டுவிட்டு அவள் முன்பக்கம் ஓடுகிறாள். நிலை சரிந்து கதவு இறுகிப்போயிருக்கிறது. தோளால் இடிக்கிறாள். இடிக்க இடிக்கச் சுவரும் சேர்ந்து அசைகிறது.