பீச் காப்ளருக்குப் பத்து மார்க்

டெல்மார் மூணாவது இழுப்பு இழுத்துட்டுக் கண்ணை மூடின அதே நொடி, என் போன் டிங்குன்னுச்சு.

அக்கா ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. எங்க வீட்டு கிச்சன் மேடை. அது மேல ஒரு பாட்டில். கீழ ஒரு வரி: "டேய் கோல்பி, நாலு வாரமா ஊற வெச்ச உன் பீச் காப்ளர் ஜூஸ் இங்கயே கிடக்கு. வேணாமா?"

மேசை மேல இருந்த என் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போ டெல்மார் இழுத்துக்கிட்டு இருக்கறது? வெறும் கிளிசரின்! அடுத்த தடவை கலக்கறதுக்காக வெச்சிருந்த, ஒரு சொட்டு வாசனைகூடச் சேர்க்காத பாட்டில். காலைல அவசரத்துல அதை எடுத்து, பீச் காப்ளர்னு லேபிளை வேற அழகா ஒட்டியிருக்கேன்!

எங்க ஊரு தீயணைப்பு நிலைய ஹால்ல வருஷா வருஷம் நடக்கற வேப் ஜூஸ் போட்டி இது. சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு, அதான் எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு, மாறின பன்னெண்டு பேர், வீட்லயே கலக்கி எடுத்துட்டு வருவோம். என்னுது, பீச் பழத்து மேல மாவைப் போட்டுச் சுடற காப்ளர் இனிப்போட வாசனை. டெல்மார்தான் ஜட்ஜ். ரெண்டு வருஷமா ஏழுக்கு மேல யாருக்கும் மார்க் போட்டதே இல்ல.

டெல்மார் கண்ணைத் திறந்தாரு.

"பத்து!"

ஹாலே அதிர்ந்துச்சு.

"முதல்ல கனிஞ்ச பீச் பழம். அப்புறம் வெண்ணெயில முறுகின மாவு. என்னா கலவைடா தம்பி!"

பக்கத்துல உட்கார்ந்து, தானும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துட்டு மார்க் எழுதறவங்க வெர்னாக்கா. ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க. அவங்க என்னமோ நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. நான் அதைக் கவனிக்கற நிலைமையிலயா இருந்தேன்?

பத்துன்னதும் எல்லாரும் பாய்ஞ்சு வந்து, அவங்கவங்க வேப்புல ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டாங்க.

"அடேங்கப்பா, பட்டை வாசம் தூக்குது!"

"கடைசியில வெனிலா ஐஸ்க்ரீம் உருகுது பாரு!"

உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள ஒருத்தர் முதுகைத் தட்டறாரு, ஒருத்தர் கையைக் குலுக்கறாரு. வாய் தானா மூடிக்கிச்சு. நானும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்.

சத்தியமா சொல்றேன், லேசா வெண்ணெய் தெரிஞ்சுச்சு!

ரூடி மட்டும் தலையைச் சொறிஞ்சான். வெல்டிங் வேலை பார்க்கறவன். சிகரெட்டை விட்டுப் பத்தொம்போது நாள்தான் ஆச்சு. போட்டிக்குப் புதுசு.

"எனக்கு ஒண்ணுமே தெரியலயே?"

"இருபது வருஷம் ஊதின நாக்கு மாப்ள. செத்துப் போச்சு!"

"வெல்டிங் ராடை நக்கிப் பாரு, அது தெரியும்!"

ஒரே சிரிப்பு. ரூடி சிரிக்கல.

"சிகரெட்டை விட்டா ருசி திரும்பி வரும்னு நீங்கதானே சொன்னீங்க? பத்து மார்க் ஜூஸே எனக்குத் தெரியலன்னா, அப்புறம் எதுக்கு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும்? போற வழியில ஒரு பாக்கெட் வாங்கிக்கறேன், விடுங்க."

ட்ரக் சாவியை எடுத்துட்டு விறுவிறுன்னு கதவுகிட்ட போயிட்டான்.

மேசை மேல முதல் பரிசு நீல ரிப்பன். மூணு வருஷமா நான் ஏங்கின ரிப்பன். அந்தப் பக்கம் ரூடியோட முதுகு.

"ரூடி, நில்லு! உன் நாக்குக்கு ஒரு கேடும் இல்ல! அந்தப் பாட்டில்ல ஒண்ணுமே இல்ல! வெறும் கிளிசரின்!"

மொத்தப் பேரும் அவங்கவங்க ஷூவையே பார்த்தாங்க. பட்டை வாசம் பிடிச்ச ஆள் மட்டும் மெதுவா, "நான் அப்பவே நினைச்சேன், பட்டை கொஞ்சம் கம்மிதான்"ன்னாரு.

ரூடி திரும்பி வந்தான். "அப்போ என் நாக்கு நல்லாத்தான் இருக்கா?"

"இந்த ஹால்லயே உன்னுதுதான்டா நாக்கு!"

சாவி பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு. அப்பாடா!

டெல்மார்கிட்ட மன்னிப்புக் கேட்கலாம்னு ஹாலுக்குப் பின்பக்கம் போனேன். அங்க வெர்னாக்கா அவரைப் போட்டு வறுத்துக்கிட்டு இருந்தாங்க.

"யோவ், எத்தனை தடவை உதைச்சேன்!"

"பத்து. எண்ணிக்கிட்டேதானே இருந்தேன்!" டெல்மார் பேன்ட்டைத் தூக்கிக் காலைத் தேய்ச்சாரு. நீலம் பூத்திருந்துச்சு.

"அதுல ஒண்ணுமே இல்ல, வாயைத் திறக்காதன்னு உதைச்சேன்யா! அதைப் போய் மார்க்குன்னு எண்ணியிருக்கியே!"

எனக்கு ஒண்ணும் புரியல. வெர்னாக்கா என்னை ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போனாங்க.

"யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி. ரெண்டு வருஷம் முன்னாடி வந்த காய்ச்சல்ல இவருக்கு வாசனை, ருசி எல்லாம் போயிடுச்சு. மனுஷன் ஷேவ் பண்ணிட்டு வீட்டை விட்டு வெளிய வர்றதே இந்த ஜட்ஜ் நாற்காலிக்காகத்தான். அதையும் பிடுங்கச் சொல்றியா? அதான் மேசைக்கடியில நான் உதைக்கறேன். எத்தனை உதையோ அத்தனை மார்க்."

"அப்போ ஏழுக்கு மேல போட்டதே இல்லயே, அது?"

"எட்டாவது உதைக்கு என் கால் தாங்கணுமே!"

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். அதனால பேரையெல்லாம் மாத்தித்தான் இதை எழுதறேன்.

டெல்மாராவது பத்து உதை வாங்கிட்டுத்தான் வெண்ணெய் தெரியுதுன்னாரு. ரூடி தவிர எங்க பதினோரு பேரை யாரும் தொடக்கூட இல்லயே! மறைக்காம சொல்லுங்க, உங்க நாக்கும் எப்பவாவது இப்படிப் பண்ணியிருக்கா?