எங்கே வைத்தாய்

அமைச்சர் பேச ஆரம்பித்ததும் என் கைகள் எழுந்தன.

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால். நான் இப்பால், ஒற்றைக் கேமராவுக்கு முன்னால். அவர் குரல் என் காதுக்குள். தொலைக்காட்சியின் மூலையில் சின்னப் பெட்டி ஒன்று வருமே, காது கேளாதவர்களுக்காக ஒருத்தி கையசைத்துக்கொண்டு நிற்பாளே, அது நான்.

"கரையோரப் பகுதியை ஒழுங்குபடுத்தும் பணி இன்று மாலைக்குள் நிறைவுபெறும். ஒரு சிலருக்கு மாற்று ஏற்பாடு செய்யப்படும்."

போன மாதமும் இதே வாக்கியங்கள்தான். அப்போது மில் குடியிருப்பு.

வாய்க்கு இது சுலபம். கைக்கு இல்லை. சைகையில் ஆட்களைக் காற்றில் ஓர் இடத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்து எடுத்தால் இன்னோர் இடத்தில் இறக்க வேண்டும்.

மில் குடியிருப்புக்காரர்களை என் இடப்பக்கம் வைத்தேன். எடுத்தேன். எங்கே இறக்குவது என்று அமைச்சர் சொல்லவேயில்லை. என் கை நெற்றிக்கு நேராக அப்படியே நின்றுவிட்டது.

அன்று அண்ணன் கேட்டான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கரையோரத்தில் தையற்கடை வைத்திருக்கிறான். கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கேட்டான்: அவங்கள எங்க வச்சே?

கடையில் கூடும் அவன் கூட்டாளிகள் ஐந்தாறு பேரும் சத்தமில்லாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'பாதியில விட்டவ' என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள்.

மறுவாரம் மில் குடியிருப்பு வழியாகப் பேருந்தில் போனேன். கொடியெல்லாம் துணி. எடுக்க ஆளில்லை. இன்றுவரை ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அதன்பிறகு கடையில் யாரும் என்னை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை.

இன்று காலையிலிருந்து கரையோரத்துக்குப் போன் போகவில்லை. பாலத்தை அடைத்துவிட்டார்கள். தொலைக்காட்சி மட்டும் வருகிறது. இந்நேரம் கடையில் எல்லாரும் அதன் முன்னால்தான் இருப்பார்கள். மூலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் தைத்துக் கொடுத்த கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். பழைய பழுப்புச் சட்டையைப் போன வாரமே கிழித்துக் கரித்துணியாக்கிவிட்டேன்.

அமைச்சர் "மாற்று ஏற்பாடு" என்றார். என் கைகள் வேறொன்றைச் சொல்லின.

லாரி வருகிறது. மாலைக்குள். பாலம் பக்கம் போகாதீர்கள். படகுத்துறை வழியாக ஓடுங்கள். அண்ணா, கடையைப் பூட்டிக்கொண்டு நிற்காதே. ஓடு.

முகத்தில் எதையும் காட்டாமல் மூன்று முறை சொன்னேன்.

கண்ணாடிக்கு அப்பால் அமைச்சரின் செயலர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைகளை நிறுத்தவில்லை. அவர் மெல்லத் தலையாட்டினார். திருப்தியாக. அந்தக் கட்டடத்தில் சைகை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அமைச்சர் நன்றி சொன்னார். கதவுமேல் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

வெளியே வந்தேன். பக்கத்து அறையில் வரிசையாகத் திரைகள். அதற்குள் பேச்சை மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் அமைச்சர். ஒவ்வொரு மூலையிலும் நான்.

பழுப்புச் சட்டையில்.

"அட, சொல்லவே மறந்துட்டேன்க்கா," என்றான் ஒளிப்பதிவாளன். "உங்க கேமரா காலையிலயே படுத்துருச்சு. போன மாசம் எடுத்ததையே போட்டு ஓட்டிட்டோம். அச்சு அசலா பொருந்திருச்சு, போங்க."

பெட்டிக்குள் என் கை, நெற்றிக்கு நேராக, அப்படியே நின்றுகொண்டிருந்தது.