பட்டுப்புடவையும் எம்பி3-யும்

"எம்பி3-ல போட்டா என் புடவை எப்படிங்க தெரியும்?"

பூர்ணிமா போட்ட சத்தம் முத்தியால்பேட்டைத் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"புடவை தெரியாதுதான். ஆனா குரல் நல்லா வந்திருக்கு" என்றான் கணவன் நெடுமாறன். "என் போன்ல எடுத்தது எம்.ஓ.வி. ஃபார்மட். எம்பி4-ஆ மாத்தப் பாக்கறேன், மாற மாட்டேங்குது. ஆடியோவ மட்டும் பிரிச்சுப் போட்டுடலாம்."

'கேக்கறேன், சொல்லுங்க' என்று பூர்ணிமா நடத்தும் பாட்காஸ்ட், இதுவரை வெறும் குரலோடுதான் போய்க்கொண்டிருந்தது. மனசில் பாரமுள்ளவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்வாள். என்ன பொறுமையாய்க் கேட்கிறாள் என்று நல்ல பேர்.

இப்போதுதான் முதல்முறையாக வீடியோ. அதற்காகவே மாம்பழக் கலர் பட்டுப்புடவை, ஜன்னலுக்குப் புதுத் திரை, பின்னால் ஒரு செடி. எதிரே, ஒரே மகளை பிரான்சுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் முதலியார்பேட்டை ஜெயசித்ரா அக்கா.

"கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைன்னு சொல்லித்தானே உங்களை என் தலையில கட்டினாங்க? ஒரு ஃபைலை மாத்தத் தெரியல!"

நெடுமாறன் தலையைச் சொறிந்தான்.

புருஷனுக்குப் பொறாமை, வேறென்ன? நாலு பேர் அவளைப் பார்த்துவிடக் கூடாது. ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

முதலியார்பேட்டையில் முருகையன் கல்யாண வீடியோ எடுப்பவர். அவள் கைக்குட்டையால் முகம் துடைத்து முடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டார்.

"மாறிடுச்சிம்மா. இதுல ஒரு கோளாறும் இல்லியே!"

"அப்படியா? போடுங்க, பாக்கறேன்." வீட்டுக்குப் போய்ப் புருஷனை என்னவெல்லாம் கேட்பது என்று மனசுக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

திரையில் புடவை தகதகவென்றிருந்தது. செடிகூட அழகுதான்.

"அவ போனதுலேர்ந்து ஒரு தட்டுதான் கழுவறேன் பூர்ணிமா..." என்று ஆரம்பித்தார் ஜெயசித்ரா அக்கா.

திரையிலிருந்த பூர்ணிமா தன் போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்... அப்புறம்?" என்றாள், நிமிராமலே.

அக்கா கண்ணைத் துடைத்தார். பூர்ணிமா போனைக் கண்ணாடியாக்கிப் பொட்டைச் சரிசெய்தாள். "ஐயோ பாவம்க்கா" என்றாள். கூடவே ஒரு கொட்டாவி. அப்புறம் போனில் எதையோ பார்த்து, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள்.

முருகையன் மெல்லக் கனைத்தார்.

"ஆடியோவ மட்டும் பிரிச்சுக் குடுத்துடட்டுமாம்மா?"

பூர்ணிமா பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். போனை ஸ்கூட்டி டிக்கியில் போட்டுப் பூட்டினாள். பக்கத்துத் தெருவில் ஜெயசித்ரா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்னம்மா, மறுபடியும் ரெக்கார்டிங்கா? இரு, நல்ல புடவையா கட்டிக்கிட்டு வரேன்."

"ரெக்கார்டிங் இல்லக்கா. சும்மா உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் வீடு திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. நெடுமாறன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"மாறுச்சா?" என்றான், பயந்துகொண்டே.

பூர்ணிமா அவனையே பார்த்தாள்.

"நீங்க அத முழுசாப் பாத்துட்டீங்க, இல்ல?"

"சேச்சே! கண்ண மூடிக்கிட்டுதானே ஆடியோவப் பிரிச்சேன்!"