கைப்பிடி இல்லாத கதவு

"இது நான் கட்டின காரு!"

நடீனுக்குப் பகீர் என்றது. அப்பா ஆரம்பித்துவிட்டார்.

பேக்கர்ஸ்ஃபீல்டு பொருட்காட்சித் திடலில் பழைய கார்கள் வரிசை கட்டி நின்றன. அப்பா டெல்மர் போய் நின்றது ஒரு கத்தரிப்பூ நிற மெர்க்குரி காரின் முன்னால். 1950-ஆம் வருஷத்து வண்டி. கூரையை அறுத்துத் தாழ்த்தி, கதவுக் கைப்பிடிகளைக்கூடப் பிடுங்கிவிட்டு வழுவழுவென்று இழைத்திருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் டெல்மர் டிங்கரிங் பட்டறையில் இருந்தது நிஜம். ஆர்லோ என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஒரு மெர்க்குரியை இப்படி மாற்றிக் கட்டியதும் நிஜமாக இருக்கலாம். ஆனால் ஒரு போட்டோகூடக் கிடையாது. இப்போது ஞாபகம் தப்பிப் போனதில், கண்ணில் படுகிற மெர்க்குரி எல்லாம் அவர் கட்டியதாகிவிட்டது.

போன மாதம் ஒரு கார்க்காரன், "கிழத்தைக் கூட்டிட்டுப் போம்மா" என்று கத்தினான். மனுஷர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால் அவர் தாங்கமாட்டார். நடீனும் தாங்கமாட்டாள்.

"அப்பா, வாங்க. லெமனேட் குடிக்கலாம்."

"நீ போய்க் குடி. இந்தக் கூரையை நானும் ஆர்லோவும் நாலு இஞ்சு அறுத்தோம். தொட்டுப் பாரு, ஈயம்! உருக்கி ஊத்தி இழைச்சது. இந்தக் காலத்துப் பசங்க மாதிரி பட்டி அப்பின வேலை இல்ல."

கார்க்காரர் வந்துவிட்டார். ராய்ஸ் என்று பெயர். அறுபது வயசு, நல்ல தொப்பை. வந்ததும் முதல் காரியமாக, முன் கண்ணாடியில் காரின் விவரம் எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். எதையோ திருட வந்தவர்களைப் பார்த்த மாதிரி! நடீனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"யாரு கட்டினதுன்னு சொன்னீங்க?"

"நான்தான். சந்தேகமா?"

"இப்படிச் சொல்லிக்கிட்டு நிறையப் பேரு வர்றாங்க பெரியவரே. கைப்பிடி இல்லாத கதவு. எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கற பட்டனை அமுக்கினாத்தான் திறக்கும். கட்டினவருக்கு அது தெரியணுமே? எங்கே, திறங்க பார்ப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

நடீன் ராய்ஸின் காதருகே போய்க் கெஞ்சினாள். "சார், அவருக்கு ஞாபகம் சரியில்ல. நாலு பேரு முன்னாடி மானத்தை வாங்கிடாதீங்க."

"தெரியுதும்மா" என்றார் ராய்ஸ். சொல்லிவிட்டு, பின்சக்கரத்துப் பக்கம் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாவகாசமாக நின்றார்.

தெரிந்துமா? நீயும் ஒரு மனுஷனா என்று நடீன் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

டெல்மர் குனிந்தார். கதவின் அடி விளிம்பை விரல்களால் தடவினார்.

"இங்கதான் வெச்சோம்... ஆர்லோ, எங்கடா வெச்சோம்?"

கண் கலங்கியது. ஓரிடத்தில் அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினார்.

டக்.

கதவு திறந்துகொண்டது.

"பாத்தியா நடீன்! பாத்தியா! உங்கப்பன் பொய் சொல்லலடி!"

சிரித்த கூட்டமே கைதட்டியது. "ஏறி உட்காருங்க பெரியவரே, உங்க வண்டி" என்றார் ராய்ஸ். டெல்மர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இல்லாத ஆர்லோவோடு பேச ஆரம்பித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! இத்தனை வருஷம் இவரை நம்பாமல் போனோமே என்று நடீனுக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. ஓர் ஆசையில், அப்பா அமுக்கிய இடத்தை அவளும் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

வெறும் தகடு. விளிம்பு நெடுகத் தடவினாள். பட்டன் எங்கேயும் இல்லை.

நிமிர்ந்தாள். பின்சக்கரத்து வளைவுக்குள்ளிருந்து ராய்ஸ் மெல்லத் தன் கையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா திறந்தீங்க?"

"மெதுவாப் பேசும்மா. அவருக்குக் கேட்டுடப் போகுது."

"அப்ப இதைக் கட்டினது யாரு?"

ராய்ஸ் பையிலிருந்த அட்டையை எடுத்து, மடங்கிய முனையைக் கட்டைவிரலால் நீவினார்.

"எங்கப்பா. கடைசிக் காலத்துல அவருக்கு இந்த வண்டியையே அடையாளம் தெரியல. இதே திடல்ல, வேற யாரோட காரையோ தொட்டுக்கிட்டு, 'இது நான் கட்டினது'ன்னு நின்னாரு. அந்தக் கார்க்காரரு கதவைத் திறந்து விட்டாரும்மா."