ஸ்பூன் கிடைக்கும்வரை

வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் ஜூலியட்டுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த நாத்தனார் கரோல், இரண்டு வாரம் கழித்து இன்றுதான் மேற்கு மாம்பலத்துக்குக் கிளம்புகிறாள்.

"யாரும் நகரக் கூடாது!" சமையலறையிலிருந்து கணவன் ஃபிரெட்ரிக் கத்தினான். "ஒரு ஸ்பூன் குறையுது."

அவன் விமான மெக்கானிக். வேலை முடிந்து எண்ணும்போது ஒரு ஸ்பேனர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானத்தை நகர விடமாட்டார்கள். ஃப்ளைட் இன்ஜினீயர் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தச் சட்டம் மயிலாப்பூர் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"ஏங்க, அது வெறும் ஸ்பூனுங்க!"

"சட்டம்னா சட்டம்தான். அக்கா, பையை இறக்கு."

ஆட்டோ திரும்பிப் போனது. வீட்டையே புரட்டிப் போட்டும் ஸ்பூன் அகப்படவில்லை.

மறுநாள் ஜூலியட் தி.நகருக்கு ஓடி, அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போட்டு எடுத்து, "கிடைச்சிடுச்சு!" என்று கூவினாள். வந்த ஆட்டோவையே வாசலில் நிறுத்தியும் வைத்திருந்தாள்.

ஃபிரெட்ரிக் எண்ணினான். முகம் வெளிறியது.

"ஒண்ணு கூடுது! குறைஞ்சாக்கூடத் தேடிடலாம். கூடினா எதிலிருந்தோ கழண்டிருக்குன்னு அர்த்தம். எதிலிருந்துன்னு தெரியறவரைக்கும் யாரும் கிளம்பக் கூடாது!"

ஜூலியட் பேயறைந்தாற்போல் நின்றாள். கரோல் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு அவள் காதைக் கடித்தாள்.

"அந்த ஸ்பூன் என் ஊறுகாய் பாட்டிலுக்குள்ள இருந்துது, ஜூலி. சொன்னா விசாரணைன்னு இன்னும் ஒரு வாரம் உட்கார வெச்சிடுவானேன்னு, காலையிலதான் நைசா திருப்பி வெச்சேன். அப்ப ஃப்ரிட்ஜுக்கு அடியில கிடைச்சது எதுடி?"