முய்ந்து ஒப்ரிகாதா

"முய்ந்து ஒப்ரிகாதா."

பதினோராவது தடவையாகச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள் கூழாங்கல் உருள்வது போல இருந்தது.

நர்ஸுக்கு இந்த வார்டில் இன்று கடைசி நாள். நாளையிலிருந்து குழந்தைகள் வார்டு. பத்தொன்பது நாளாக என் மனைவிக்கு வாய் துடைத்து, தலை வாரி, புரட்டிப் படுக்க வைத்தவர். அவருடைய போர்ச்சுகீசு மொழியிலேயே நன்றி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த மொழி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. என் மனைவி ஒன்பது வருஷமாக வேலை பார்த்த தையற்கடையின் முதலாளியம்மா அந்த மொழிக்காரர். இவளும் பேசப் பேசக் கற்றுக்கொண்டாள். எனக்கும் சொல்லித்தர வந்தாள். எனக்குத் தமிழே தகராறு, ஆளை விடு என்று நான்தான் நழுவிவிட்டேன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு எதற்கு அதெல்லாம்?

இப்போது அவளிடம் கேட்கலாம் என்றால் பேச்சு இல்லை.

பக்கவாதம். வலது கை, வலது பக்க உதடு, பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. குரல் ஒருநாள் திரும்பலாம் என்றார் டாக்டர். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரிகிறதா, பழையதெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதனால், நர்ஸ் தன் ஊர்க்கார துப்புரவு அம்மாவிடம் நன்றி சொல்லும்போதெல்லாம் கவனித்து, மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். ஒரு வாரமாக மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து மனப்பாடம்.

நர்ஸ் வந்தார். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

"காது."

கட்டிலிலிருந்து வந்தது. என் மனைவியின் குரல்.

கட்டிலுக்கு ஓடினேன். காது வலிக்கிறது போலும்! தலையணையை விலக்கினேன். இடது காதைப் பார்த்தேன், வலது காதைப் பார்த்தேன். நர்ஸிடம் என் காதைத் தொட்டுக் காட்டி, முகத்தைச் சுளித்து, வலி என்று அபிநயம் பிடித்தேன்.

மனைவி முறைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக நான் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அதே முறைப்பு.

இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, மறுபடியும் "காது" என்றாள்.

நர்ஸுக்குத்தான் முதலில் புரிந்தது. தன் பின்னலைத் தூக்கிக் காட்டி, ஒப்ரிகாதா என்றார். பிறகு என் மீசையைக் காட்டி, ஒப்ரிகாது என்றார்.

பெண் சொன்னால் காதா. ஆண் சொன்னால் காது.

ஒரு வாரமாக நான் பொம்பளை மாதிரி நன்றி சொல்லப் பழகியிருக்கிறேன். அவள் அதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல் திருத்தியிருக்கிறாள்.

எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. தையற்கடை, கற்ற மொழி, கட்டிய புருஷன் ஒரு மக்கு என்பது உட்பட.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டையே பார்த்தபடி, முய்ந்து ஒப்ரிகாதா என்றேன்.

வேண்டுமென்றேதான்.