இருபத்தேழு தோட்டா

"பன்னி வெரட்டுததுக்கு இருபத்தேழு தோட்டா எதுக்கு அண்ணாச்சி? ஒரு பத்து போதாதா?"

இன்ஸ்பெக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். பால்வண்ணநாதனுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது. ஸ்டேஷன் மேஜையில் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி கிடந்தது. பக்கத்தில் தோட்டா வைத்திருந்த பிஸ்கட் டின்.

"பன்னி என்ன, போன் போட்டுச் சொல்லிட்டா சார் வரும்? பத்தே பத்த வச்சிக்கிட்டு, அது தீந்தன்னைக்குப் பன்னி வந்தா நான் கையத் தட்டிக்கிட்டு நிக்கவா? அவசரத்துக்குன்னு வீட்டுல நாலு கூடக் கெடக்கணும் சார். லைசென்ஸ்ல உள்ள அளவுக்கு மேல ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க!"

"மேல இல்ல அண்ணாச்சி. ஆனா மனு வந்திருக்கே." இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "'மேற்படியார் முன்கோபி. அவர் கையில் துப்பாக்கி இருப்பது உயிருக்கு ஆபத்து.' விசாரணை முடியுத மட்டும் எல்லாம் இங்கனயே இருக்கட்டும். ரசீது வாங்கிக்கிடுங்க."

மொட்டைக் கடுதாசி. பேர் கிடையாது, கையெழுத்து கிடையாது. கம்ப்யூட்டரில் அடித்த ஒரே பக்கம். ஆனால் விவரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பீரோவின் கீழ்த்தட்டு, பிஸ்கட் டின், இருபத்தேழு தோட்டா. எண்ணி வைத்த அவருக்கே சட்டென்று ஞாபகம் வராத எண்ணிக்கை அது.

இலத்தூரில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கிறது. பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் விடியும்போது வெறும் தட்டைதான் மிச்சம். வானத்தைப் பார்த்து ரெண்டு வெடி போட்டால் ஓடிவிடும். இனி எதை வைத்துப் போடுவது? துப்பாக்கி ஜீப்பில் ஏறியதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது வேறு.

சாரலில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் போனை எடுத்தார்.

"ஏலே சுடலைமுத்து, ஒடனே கெளம்பி வீட்டுக்கு வா."

சுடலைமுத்து அவர் வயலை, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்குப் பார்க்கிறவன். பத்து வருஷமாக அந்த வயல்தான் அவன் வீட்டுச் சோறு. போன மாதம் வெள்ளையடித்தபோது பீரோவை நகர்த்தி வைத்தது அவன். அவன் மகள் பொன்செல்வி தென்காசி ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். பால்வண்ணநாதனுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"எம்மேல என்னலே வஞ்சம் ஒனக்கு?"

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"ஒம் மக அடிச்ச கடுதாசிதானல? இல்லன்னு சொல்லிப் பாரு!"

சுடலைமுத்து முழித்தான். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. பன்னி இறங்குனா எனக்கும்தான நட்டம்? துப்பாக்கியப் பிடுங்குங்கன்னு நானே போயி எழுதுவனா?"

நியாயமான கேள்விதான். ஆனால் கோபத்தில் நிற்கிறவர் காதில் நியாயம் என்றைக்கு ஏறியிருக்கிறது?

"பேசாத! ரெண்டகம் பண்ணுதவன் எனக்கு வேண்டாம். இனிமே என் வயல்ல ஒன் காலு படக்கூடாது. அறுப்புக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி, வெளைஞ்சு நிக்குத நேரத்துல போகச் சொன்னா..."

"அவன விடுங்க."

அடுக்களை வாசலில் அவர் மனைவி குழல்வாய்மொழி நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் அவர் கத்தும்போது அவள் குறுக்கே பேசியதே கிடையாது.

"கடுதாசி போட்டது நான். சொன்னது நான், பொன்செல்வி அடிச்சுக் குடுத்தா. அப்பாகிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு அவகிட்டச் சத்தியம் வாங்கியிருந்தேன். திங்கக்கெழம குத்தாலத்துக்குக் குளிக்கப் போறேன்னு சொன்னம்லா? அன்னைக்குத்தான் தபால்ல போட்டேன்."

பால்வண்ணநாதன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, ஒனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? கெட்டுன புருசன ஸ்டேஷன்ல நிறுத்திட்டியேட்டி! ஊரு சிரிக்குது! பன்னி வந்தா நீ போயி வெரட்டுவியா?"

"வெரட்டுதேன். விடிய விடிய நின்னு தகரத்தத் தட்டி வெரட்டுதேன்." அவள் குரலிலும் இப்போது கோபம் இருந்தது. அந்த வீடு இதுவரை கேட்டறியாத கோபம். "மூணு வருசத்துக்கு முன்னால நம்ம மக மீனா அந்தப் பையன ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு சேதி வந்துச்சே, அன்னைக்கு அந்த டின்னத் தொறந்து வச்சிக்கிட்டு என்ன சொன்னிய? 'ரெண்டு பேரும் இந்த வாசல்ல கால வைக்கட்டும், ரெண்டு தோட்டா போதும்'னு சொன்னிய. ஞாபகம் இருக்கா?"

"அது... கோவத்துல ஆயிரம் சொல்லுவேன்."

"இன்னைக்கும் அவ பேர எடுத்தாச் சோத்துத் தட்டத் தூக்கி எறியுதிய. அந்தக் கோவம் போயிட்டுன்னு நான் எத வச்சு நம்ப?"

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குக் காலையில செங்கோட்டை ரயில்ல வாராவ. நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் குழல்வாய்மொழி. "இப்பம் ரெண்டு தோட்டா பத்தாது. கைப்பிள்ளையோட மூணு பேரா வாராவ."